உன் அறையில் இப்போது முப்பத்தெட்டு வருகிறது

அன்புள்ள அமுதாவுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னைப் பொறுத்துக்கொள். கோடு போட்ட நோட்டில்தான் எழுதுகிறேன். அப்படியும் வரி மேலே ஏறிப் போய், பாதியில் நினைப்பு வந்ததுபோல் கீழே சரிகிறது. பென்சிலில் எழுதுவதற்குக் காரணம், பேனாவில் எழுதினால் அழிக்க முடியாது. நேற்று ஒரு பக்கம் முடிக்கப் பொழுது போய்விட்டது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னா இது, ஏர் ஓட்டத் தெரியாதவன் ஓட்டின நெலம் மாதிரி கீது" என்றாள். சிரித்துவிட்டுப் போனவள் பென்சிலைச் சீவிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஆகையால் இந்தக் கடிதத்தில் அவளுக்கும் பங்கு உண்டு.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் "சரி நைனா, பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. இன்னொன்று, இதில் நான் செய்த இரண்டு தப்பை ஒப்புக்கொள்ளப்போகிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுத்து வந்ததில் இப்படி ஒரு லாபம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

சித்திரையில் நீ வந்து நான்கு நாள் இருந்தாய். பதினைந்து நாள் இருப்பதாகத்தான் வந்தாய். முதல் நாளே உன் கம்ப்யூட்டரில் எல்லாரும் வாயைத் திறந்தபடி நின்றுபோனார்கள். நீ பேசியது அவர்களுக்குத் துண்டு துண்டாகப் போனதாம். "ரௌட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணு நைனா" என்று உள்ளே இருந்து கத்துவாய், நான் ஓடிப்போய் கூடத்தில் இருக்கும் அதன் சுவிட்சைத் தட்டுவேன். ஐந்து நிமிடம் நன்றாக ஓடும், திரும்பவும் நின்றுவிடும். மூன்றாம் நாள் உன் மேனேஜர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று நீ சொல்லவில்லை. முகம் சொன்னது. கிளம்பும்போது அம்மாவிடம், "ஏழாம் மாசத்துக்கு இங்க வர முடியாதும்மா. எட்டாம் மாசம் முடியற வரைக்கும் வேல செய்யணும். நெட்டு இல்லாம இன்னா செய்யறது? பெங்களூர்லயே இருந்துக்கறேன்" என்றாய். நான் வாசலில் உன் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது.

முதல் பிள்ளைப்பேறு தாய்வீட்டில் என்பது உனக்கு நான் சொல்லவேண்டியது இல்லை. உன் அம்மா உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு வைத்திருந்தாள். நீ போன பிறகு கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளினாள். அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த நெட்டை ஒரு கை பார்த்துவிடுவது என்று.

எனக்கும் அதன்மேல் கோபம் இருந்தது. தீபாவளியில் இருந்து தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் போனில் முகம் பார்த்து எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாயே, 'ழ' எழுதிக் காட்டிய அன்று படம் பாதியில் நின்றுவிட்டது. வால் வந்து சேரவில்லை. ஒரு வாரம் நான் வால் இல்லாமலே 'ழ' போட்டேன். நீ பார்த்துவிட்டு, "யாரு நைனா உனக்கு இத சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாய். நீதான் என்றேன். மாப்பிள்ளை பின்னால் நின்று சிரித்தது எனக்குக் கேட்டது.

கேபிள்காரன் சீனுவை முதலில் கூப்பிட்டேன். வெளிச்சுவரில் இருக்கும் சின்ன டப்பாவைத் திறந்து ஒரு மீட்டரை வைத்துப் பார்த்தான். "லைன் பாகுந்தி பெத்தாயனா. உங்க போன்தான் பழசு" என்று பாதி தெலுங்கில், பாதி தமிழில் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். லைன் நன்றாக இருக்கிறது என்றால் உன் அறையில் ஏன் வரவில்லை? இதை நினைத்துக்கொண்டே தோப்புக்குப் போனேன். அங்கே கடைசி வரிசை மாமரத்துக்குச் சொட்டுநீர் சரியாகப் போகவில்லை. சரிசெய்யக் குனிந்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதே கதைதானே அது!

கடைசி மரம் வாடினால் போர்க்கிணற்றைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. முதலில் போர் வாயில் நின்று தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்க்கவேண்டும். அங்கே நன்றாக வந்தால் கோளாறு நடுவழியில். குழாய் மடங்கி இருக்கும், அடைத்திருக்கும். வாயிலேயே குறைவு என்றால் போரில் கோளாறு, இல்லாவிட்டால் வேறு யாரோ வால்வைத் திறந்து வைத்திருக்கிறார்கள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். நான்கு வால்வை ஒன்றாகத் திருப்பிவிட்டு எதனால் சரியானது என்று விழிக்கக்கூடாது. இதை நான் மாங்காய் மூட்டை தூக்கிய காலத்தில் கற்றுக்கொள்ளவில்லை. ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வந்த பிறகு, தப்பும் தவறுமாகச் செய்து கற்றது. உனக்கும் குழந்தை அழும்போது, வேலையில் ஏதாவது சிக்கும்போது இது உதவும். முதலில் கிட்டே போய் நின்று பார். அப்புறம் ஒவ்வொன்றாக மாற்று.

சீனுவைப் பிடித்து வேகம் அளப்பது எப்படி என்று போனில் காட்டச் சொன்னேன். பொத்தானை அமுக்கினால் வண்டி மீட்டர் முள்போல ஏறி ஒரு எண்ணில் நிற்கிறது. நாம் வாங்கியிருப்பது ஐம்பது என்றான். நீ கொடுத்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். எண்கள் எனக்கு முன்பே தெரியும், காட்டாவில் மாங்காய் நிறுத்த பழக்கம். ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த இடம் என்று எழுதியது இதுதான் முதல் தடவை. 'உன் அறை, 1.' 'நடு அறை, 6.' 'சமையல் கட்டு, 2.' எழுதி முடித்து நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். நான் எழுதியது எனக்கே ஒரு செய்தி சொன்னது. அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

அடுத்தது ரௌட்டர் பெட்டி கிட்டே எவ்வளவு என்று பார்க்கவேண்டும். இங்கேதான் முதல் தப்பு. போன வருஷம் சீனு அதைக் கூடத்தில்தான் மாட்டினான். அப்போது வந்திருந்த நீ பெங்களூர் பஸ் ஏறிய மறுநாள் அதைக் கழற்றி சாமி அறைக்குக் கொண்டுபோனது நான். எலி ஒயரைக் கடிக்கும், கூடத்தில் வருகிறவன் போகிறவன் கை வைப்பான் என்று பயம். அதோடு விட்டேனா? பங்காருபாளையம் வெல்டிங் கடையில் இரும்புத் தகட்டில் ஒரு பெட்டி செய்து, பூட்டுப் போட்டு, ஒயர் நுழைய ஒரு ஓட்டை விட்டு, அதற்குள் வைத்தேன். ஆயுத பூஜைக்கு உன் அம்மா அந்த இரும்புப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டாள். தலைக்குக் குளிக்காமல் சாமி அறைக்குள் யாரையும் அவள் விடமாட்டாள் என்பது உனக்குத் தெரியும். அதனால் சீனு உள்ளே போகவே இல்லை. நீ நாலு நாளும் மீட்டிங் மீட்டிங் என்று ஓடினாய், நீயும் போகவில்லை. "ரௌட்டர் எங்க நைனா?" என்று கேட்டாய். "சாமி ரூம்ல பத்திரமா கீது" என்றேன். பூட்டின இரும்புப் பெட்டிக்குள் என்று சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாய் என்று விட்டுவிட்டேன்.

விடிகாலையில் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, போனோடு உள்ளே போனேன். பூட்டின பெட்டி முன்னால் நின்று அளந்தேன். பதினாறு. ரௌட்டரில் விளக்கு எரிகிறதா பார்க்கலாம் என்று இரும்புப் பெட்டியின் கதவைத் திறந்தேன். கை பட்டு போன் திரும்ப அளந்தது. நாற்பத்து நான்கு! கதவைச் சாத்தினேன். பதினைந்து. திறந்தேன். நாற்பத்து மூன்று. இப்படி ஆறு தடவை திறந்து திறந்து சாத்தினேன். உன் அம்மா வெளியில் இருந்து, "இன்னா இன்னிக்கு சாமி கும்புடறது முடியவே இல்ல? இன்னா வேண்டிக்கினு கீற?" என்று கேட்டாள். "உம் பொண்ணு வரணும்னுதான்" என்றேன். பொய் இல்லையே.

நெட்டு காற்றில் வருகிறது, இரும்பைத் தாண்ட அதனால் முடியவில்லை. சுவரைக்கூட எப்படியோ தாண்டிவிடும், தகடு என்றால் திணறும் என்று பிறகு சீனு சொன்னான். எனக்கு அப்போது ஞாபகம் வந்தது திருப்பதி காலேஜில் இருந்து வந்த தபால். நீ பன்னிரண்டாவது முடித்திருந்தாய். காக்கிக் கவர், முத்திரை எல்லாம் இருந்தது. முக்கியமானது என்று மட்டும் எனக்குப் புரிந்தது. யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ரேஷன் கார்டு, பட்டாவோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். பத்து நாள் நீ தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். காலேஜில் சேரக் கடைசி நாளுக்கு முந்தின நாள் எதற்கோ பீரோவைத் திறந்தபோது நீயே பார்த்தாய். அன்று நீ என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவரை எடுத்துக்கொண்டு, பாதி ஈரத் தலையோடு சித்தூர் பஸ்ஸுக்கு ஓடினாய். அங்கே இருந்து திருப்பதி. சாயங்காலம் சேர்ந்துவிட்டேன் என்று போன் வரும்வரை நான் சாப்பிடவில்லை. அதை இன்றுவரை உன்னிடம் சொன்னதில்லை. ஒன்றும் இல்லாமல் வளர்ந்தவனுக்கு ஏதாவது கிடைத்தால் முதலில் பூட்டத்தான் தோன்றும். நீ உன் பிள்ளைக்கு அப்படிச் செய்யாதே. வேண்டியதைக் கைக்கு எட்டும் இடத்தில் வை.

ரௌட்டரைத் திரும்பவும் கூடத்துக்குக் கொண்டுவந்து, உன் அறைக் கதவுக்கு நேர் எதிரே, மரப்பலகை அடித்து உயரத்தில் வைத்தேன். ஒயரை மடக்காமல் வளைத்துத்தான் கொண்டுவந்தேன், உள்ளே கண்ணாடி இழை இருக்கிறதாம், மடக்கினால் ஒடிந்துவிடும். உன் அறையில் அளந்தேன். முப்பத்து ஒன்று. அப்போதே உனக்குப் போன் செய்ய எண்ணை எடுத்துவிட்டேன். அப்புறம் சாயங்காலமும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று வைத்தேன். நல்லவேளை. ஏழு மணிக்கு உன் அறையில் மூன்று. ரௌட்டருக்கு அடியில் போய் நின்றாலும் நான்கு. உன் வெளிநாட்டு மீட்டிங் எல்லாம் அந்த நேரத்தில்தானே.

போர் வாயிலேயே தண்ணீர் இல்லை. அப்படியானால் யாரோ வால்வைத் திறந்து வைத்திருக்கிறார்கள். தோப்பில் என்றால் குழாய் போகும் வழியே நடந்து பார்ப்போம். அதேபோல் வீட்டைச் சுற்றி நடந்தேன். பின்பக்கம், சாமி அறைச் சுவருக்கு வந்ததும் நின்றுவிட்டேன். மாங்காய் ஏற்ற லாரிகள் நிற்குமே, அந்தப் பக்கம். சுவர் ஓரமாக வரிசையாக ஆட்கள், ஒவ்வொரு முகத்திலும் போன் வெளிச்சம். லோடு ஏற்றுகிறவர்கள், டிரைவர்கள், மண்டிக்குத் தரம் பிரிக்க வரும் பெண்கள். நம் முனிரத்னம் மேஸ்திரி நம் சுவரிலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"வாண்ணா" என்றான். "இன்னா, ஒரு வாரமா நெட்டு இஸ்த்துகினே கீது? கம்பெனிகாரன் கிட்ட கொஞ்சம் சொல்லக்கூடாதா?"

"எங்கூட்டு நெட்டாடா அது?"

"பின்ன? செவுத்துல அம்மாம் பெருசா எழுதி வெச்சிக்கீறியே! வெயில் காலத்துல மோர்ப் பந்தல் வெக்கற மாதிரி அண்ணன் நெட்டுப் பந்தல் வெச்சிட்டாருன்னு ஊரே பேசிக்கினு கீது."

சுவரைப் பார்த்தேன். இதுதான் இரண்டாவது தப்பு. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்து மிச்சம் காவி இருந்தது. அந்த வாரம்தான் உன் பெயரை ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொடுத்தாய். சுவர் வெள்ளையாக இருந்தது, கையில் பிரஷ் இருந்தது. நீ ரௌட்டரில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து அப்படியே எழுதினேன். ஆறு எழுத்தில் உன் பெயர், பக்கத்தில் ஒன்றில் இருந்து ஐந்து வரை. அதுதான் நம் நெட்டின் பாஸ்வேர்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று அது எனக்கு பாஸ்வேர்டாகத் தெரியவில்லை. என் மகள் பெயரை நான் இங்கிலீஷில் எழுதிவிட்டேன், அவ்வளவுதான் தெரிந்தது. தள்ளி நின்று பார்த்தேன், இன்னும் தள்ளி நின்று பார்த்தேன். சாலை வரைக்கும் போய் அங்கே இருந்தும் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது.

அவர்களைப் பார்த்து எழுந்து போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்தவன் போரில் குடம் நனைக்கக் காத்திருந்தவன் நான். வாசலில் நிற்கவைத்துப் பேசுவது எப்படி இருக்கும் என்று தெரியும். அதனால் உள்ளதைச் சொன்னேன். அமுதாவுக்கு ஆனியில் ஏழாம் மாசம், வேலைக்கு நெட்டு வேண்டும், இல்லாவிட்டால் வரமாட்டாள் என்றேன். தரம் பிரிக்கிற அலமேலு விசுக்கென்று எழுந்தாள். "நம்ம அமுதா முழுகாம கீதா? அத மொதல்லயே சொல்ல வேணாமா? இந்தா, நான் நிறுத்திட்டேன்" என்று போனை அணைத்து இடுப்பில் சொருகினாள்.

அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். நான் பின்கதவில் போனோடு நின்றேன். அவர்கள் ஒவ்வொருவராக நெட்டை அணைக்க அணைக்க நான் அளந்து கத்தினேன். "ஏழு!" "பன்னெண்டு!" "பத்தொம்பது!" மாங்காய் ஏலம் மாதிரி ஆகிவிட்டது. உன் அம்மா கரண்டியோடு ஓடிவந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இருபத்தேழில் நின்றுவிட்டது, ஏறவில்லை. "யாருடா அது, இன்னும் ஒருத்தன் தொறந்து வெச்சிக்கினு கீறான்?" என்று முனிரத்னம் அதட்டினான். லாரிக்குள் இருந்து ஒரு டிரைவர், "ஒரே ஒரு ஓவர் அண்ணா, ஆறு பால்தான்!" என்று கெஞ்சினான். அலமேலு ஏறிப்போய் அவன் கையில் இருந்து போனைப் பிடுங்கினாள். "உனக்கு ஓவர் முக்கியமா, புள்ளத்தாச்சி முக்கியமா?" நான் அளந்தேன். நாற்பத்தொன்று. கையைத் தட்டினார்கள், அமுதா. நம் வீட்டு நெட்டுக்கு இருபது பேர் கையைத் தட்டினார்கள்.

மறுநாள் சீனு வந்தான். உன் அம்மா அவனைக் கூடத்தில் உட்காரவைத்து இட்லி கொடுத்தாள். பாஸ்வேர்டை மாற்றினான். புதியதை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன், அவ்வளவு புத்தி வந்துவிட்டது. நம் பெட்டியிலேயே வெளியாட்களுக்கு என்று தனியாக ஒரு வாய்க்கால் திறக்கலாமாம், ஐந்துக்கு மேல் போகாமல் கட்டி வைக்கலாமாம். அப்படியே செய்யச் சொன்னேன். பின்சுவரில் பழையதைச் சுண்ணாம்பால் அடித்துவிட்டு, அந்த வாய்க்காலின் பாஸ்வேர்டை அதே இடத்தில் காவியில் எழுதினேன். இந்த முறை தெரிந்தே எழுதினேன். முனிரத்னம் பார்த்துவிட்டு, "போன வாட்டிக்கு இப்ப எழுத்து தேவலண்ணா" என்றான். உன் பெயர் சுவரில் இல்லையே என்று அலமேலுவுக்குத்தான் வருத்தம்.

நேற்று சாயங்காலம் ஏழு மணிக்கு, பின்பக்கம் இரண்டு லாரி நிற்கும்போது, உன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அளந்தேன். முப்பத்தெட்டு. கட்டில் மேல் உட்கார்ந்து ஒன்று, ஜன்னல் ஓரம் நின்று ஒன்று, நீ கம்ப்யூட்டர் வைக்கும் மேஜையில் ஒன்று. மூன்றும் நோட்டில் இருக்கிறது, வந்து நீயே படித்துப் பார். அளந்துவிட்டு வெளியே வந்தேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போனாள், கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டு வா. முப்பத்தெட்டு போதுமா என்று கேள். போதாது என்றால் நூறு வாங்கலாம் என்று சீனு சொல்லியிருக்கிறான். இரும்புப் பெட்டி வீணாகவில்லை, உன் அம்மா அதில் அரிசி போட்டு வைத்திருக்கிறாள். எலி தொடவில்லை.

அடுத்த வாரமும் எழுதுவேன். நீ பெங்களூரில் இருந்தால் தபாலில் வரும். இங்கே வந்துவிட்டிருந்தால் உன் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன், மீட்டிங் நடக்கும்போது நான் கதவைத் தட்டக்கூடாதே. கீழே இருப்பது கைநாட்டு இல்லை, நன்றாகப் பார்த்துக்கொள்.

உன் நைனா